ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கோங்க

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டிலிருந்து பேசுகிறேன். குழந்தை பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "பழையபடி எப்போ ஆவ?" நான் பழையபடி ஆகவில்லை. ஆக வேண்டும் என்றும் இப்போது நினைக்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா முறை ஒருத்தர் என் வயிற்றில் கையை வைத்து, "என்னடி, அடுத்ததா?" என்று கேட்டார். எதிர் வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இலையில் வைத்த ஒப்பட்டைத் தொடவே மனசு வரவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை பெற்ற புதிதில் பச்சை உடம்பு என்று காதில் துணி கட்டி, குடத்தைத் தூக்காதே, பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே என்று தாங்கியதும் இதே பெரியவர்கள்தான். நாலைந்து மாதம் போனதும் அந்த உடம்பையே குறை சொல்ல எப்படி மனசு வருகிறது? இது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

சரி, வயிறு ஏன் உடனே உள்ளே போவதில்லை? பிரசவம் முடிந்த உடனே கர்ப்பப்பை மட்டுமே கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஆறு வாரம் ஆகும். அப்புறம் வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு தசைகள் இருக்கின்றன. குழந்தை வளர வளர அவை இரண்டு பக்கமும் விலகி இடம் கொடுக்கின்றன. பலருக்கு இரண்டு மாதத்துக்குள் இடைவெளி குறைந்துவிடும். சிலருக்கு அப்படியே நின்றுவிடும். அப்படி நின்றால், எடை குறைந்தாலும் வயிறு முன்னால் தள்ளியே தெரியும்.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேல் என் விரலையே வைத்துப் பார்க்கச் சொன்னார். விரல்கள் மெத்தென்று உள்ளே இறங்கின, இரண்டு பக்கமும் தசையின் விளிம்பு தட்டுப்பட்டது. அதைத் தொட்டுப் பார்த்ததும் என் வயிற்றின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. இரண்டு விரலுக்கு மேல் அகலம் இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். யாரோ போனில் காட்டுகிறார்கள் என்று படுத்து எழும் பயிற்சியை நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம். பழைய வேட்டியை இறுக்கி வயிற்றில் கட்டுவதும் அப்படித்தான். இதமாகக் கட்டினால் இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும். மூச்சு முட்டக் கட்டினால் கீழே இடுப்புத் தசைகளுக்குத்தான் பாரம். கொழுப்பு அதனால் கரையாது.

பிரசவ வரிகள் தோலின் உள்ளடுக்கில் விழுபவை. எந்த கிரீமும் அவற்றை முழுசாக அழிக்காது. நாளாக நாளாக வெளுத்து மங்கும், அவ்வளவுதான். காசை வீணாக்காதீங்க.

குழந்தை முகம் பார்க்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று எங்கள் அத்தை சொல்வார். காலக் கணக்கு சரிதான். கர்ப்ப காலத்தில் ஹார்மோனால் உதிராமல் நின்ற முடியெல்லாம், பிரசவமாகி மூன்று மாத வாக்கில் சேர்ந்தாற்போல் உதிர்கிறது. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயசு ஆவதற்குள் திரும்ப முளைத்துவிடும்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம், சாப்பாடு. காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் மட்டும் குடித்துவிட்டு, பால் கொடுத்துக்கொண்டே பட்டினி கிடக்கும் பெண்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். பால் கொடுக்கிற அம்மாவுக்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்கிறது. நம் தர்மபுரிப் பக்கத்தில் களி இல்லாத வீடு ஏது? 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களி உருண்டையைக் கீரைக் கடைசலில் தோய்த்து வயிறாரச் சாப்பிடுங்கள். பிரசவத்துக்கு அப்புறம் 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள், அதையும் நிறுத்தாதீங்க.

அப்புறம் துணி. கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு ஜாக்கெட் கை நுழையவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்குத் தைக்கிற அக்காவிடம் கொண்டுபோனேன். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி மடித்து விட்டிருந்தது. "பொம்பளைங்க உடம்பு மாறும்னு தெரிஞ்சுதானே விட்டுத் தைக்கிறோம்" என்றார். பிளேடால் நூலை அறுத்ததும், வெயில் படாத அந்தப் பட்டை மட்டும் புதுசாக, அடர்ந்த நிறத்தில் விரிந்தது. பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அதைத்தான் இப்போது போட்டிருக்கிறேன், பாருங்கள். மூச்சு விட முடிகிறது, கையைத் தூக்க முடிகிறது. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கோங்க. அதே ஜாக்கெட்டோடு குழந்தையை மடியில் வைத்துப் படமும் எடுத்துக்கோங்க. படம் எடுப்பவராக மட்டுமே இருந்துவிடாதீங்க.

மனசையும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் அப்படியே இருந்தால், கண்ணாடியைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால், மனநலத்துக்கான அரசு உதவி எண் ஒன்று இருக்கிறது: டெலி மானஸ், 14416. இலவசம், ராத்திரியிலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இதைப் பார்க்கிற வீட்டுக்காரர்களுக்கும் மாமியார்களுக்கும் ஒன்று கேட்கிறேன். "எப்போ இளைப்ப?" என்று கேட்பதை விட்டுவிட்டு, களி சூடாக இருக்கும்போதே குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அவளைச் சாப்பிட உட்கார வையுங்கள். யாராவது விருந்தாளி வயிற்றைப் பற்றிப் பேசினால், அவள் பதில் சொல்லும் வரை காத்திருக்காமல் நீங்களே பேச்சை நிறுத்துங்கள்.

அடுத்த வீடியோவில் பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியைப் பாயில் படுத்துச் செய்து காட்டுகிறேன். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்க.