குழாயில் கட்டிய துணி

வணக்கம், நேயர்களே. உங்கள் வீட்டுக் குழாய்வாயில் எப்போதாவது வெள்ளைத்துணி கட்டியிருக்கிறீர்களா? பழைய சென்னையில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கசாலைத் தெருவை ஒட்டிய எங்கள் வீட்டில் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் துணியை அவிழ்த்து உதறுவாள். துரு விழும், மணல் விழும். "பாத்தியாடா, இதையெல்லாம்தான் குடிக்கச் சொல்றான்" என்பாள். 'சொல்றான்' என்றது யாரை என்று அப்போது எனக்குத் தெரியாது. பிற்பாடு குடிநீர், வடிகால் வேலையிலேயே என் காலம் கழிந்தது. அப்போதுதான் தெரிந்தது, துணிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது என்று.

கொஞ்சம் பின்னால் போவோம். ஏழு கிணறு என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தக் கிணறுகளை 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் ஏற்படுத்தியது ஊருக்காக அல்ல, கோட்டைக்காக. ஊரார் தங்கள் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும் நம்பி இருந்தார்கள். அதற்கப்புறம் தொண்ணூறு வருஷத்துக்கு ஊருக்கென்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1863இல் லண்டனில் ஒரு அரச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்கள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள், சண்டையில் அல்ல, வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் காலராவிலும் என்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அந்த அம்மையார் அதிகாரிகளைத் தூங்கவிடவில்லை. அடுத்த வருஷமே சென்னையில் ஒரு சுகாதாரக் கமிஷன் அமைந்தது. சிப்பாய் பிழைக்க வேண்டுமானால் சிப்பாய் நடமாடும் ஊரும் சுத்தமாக இருக்க வேண்டும். நமக்குக் குழாய் வந்த வழி அது.

பிரேசர் என்ற பொறியாளரின் திட்டம் அது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்து, சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கு. 1872இல் ஊருக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரைக்கும் திறந்த வாய்க்கால்! மேலே மூடி கிடையாது, வடிகட்டி கிடையாது. மாடு இறங்கினாலும் மழைச்சேறு கலந்தாலும் கீழ்ப்பாக்கம் வந்து அப்படியே இரும்புக் குழாயில் புகும். வடிகட்டிகள் வந்தது 1914இல். நாற்பத்திரண்டு வருஷம் ஊரே சேர்ந்து துணியில் வடிகட்டியிருக்கிறது. என் பாட்டி அந்தத் துணியை 1950களிலும் கைவிடவில்லை.

பாட்டியின் மாமியார் கதையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் நூறு முறை சொன்ன கதை. அந்த அம்மாள் குழாய்த்தண்ணீரைத் தொடவே மாட்டாளாம். குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறது, ஆசாரம் கெட்டுப் போகும். சாகும்வரை கிணற்றுத் தண்ணீர்தான். அந்தக் கிணற்றை நான் பார்த்திருக்கிறேன். சின்னக் கிணறு, மேலே மரச்சட்டம், ராட்டினம். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். கிணற்றுச் சுவரிலிருந்து அஞ்சே எட்டு வைத்தால் கக்கூஸ். நடுவே ஒரு தொட்டிமுற்றம், பாத்திரம் தேய்த்த தண்ணீர் முழுக்க அங்கேயே ஊறும். வாஷரைக் கண்டு பயந்தவள் அந்த அஞ்சு எட்டைக் கண்டு பயப்படவில்லை. அவளை மட்டும் என்ன சொல்வது? நாற்றம்தான் நோய், காற்றில்தான் காலரா வருகிறது என்று படித்த அதிகாரிகளே அப்போது எழுதிக்கொண்டிருந்தார்கள். காலராக் கிருமியைக் கோக் என்ற ஜெர்மானியர் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் கண்டது 1884இல்.

நான் சொல்ல வந்தது இதுதான், கேட்டவர்கள் மறுபடி கேட்டாலும் பரவாயில்லை: குழாய் வந்துவிட்டது, கழித்த தண்ணீர் எங்கே போகும்? கிணற்றில் இறைத்தால் கை வலிக்கும், நாலு குடத்தோடு நிறுத்துவோம். குழாயைத் திறந்தால் பத்துக் குடம். அத்தனையும் தெருவோரச் சாக்கடைக்குத்தான். நம் ஊரோ தோசைக்கல் மாதிரித் தட்டை. தண்ணீர் தானாக ஓட மனசு வைக்காது. கேப்டன் டல்லாக் என்பவர் 1865லேயே வடிகால் திட்டம் எழுதிக் கொடுத்தார். காசு யார் தருவது என்ற பேச்சிலேயே வருஷங்கள் போயின. வால்டாக்ஸ் ரோடு என்று பெயர் வைத்தார்களே, ஊர் மதிலுக்குப் போட்ட வரி, அது வசூலே ஆகவில்லை என்பார்கள். வரி என்றால் நம்மவர்களுக்கு அப்படி ஒரு பாசம்! பாதாளச் சாக்கடை சில பகுதிகளுக்கு 1890களில்தான் எட்டியது. உள்ளே வருவதற்கு 1872, வெளியே போவதற்கு அதற்கப்புறம் இருபது வருஷம். புது நகர் கட்டுகிறவர்கள் இன்றும் முதலில் குழாயைத்தான் போடுகிறார்கள். வடிகால் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் இரண்டு விரல் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிஷம்தான். கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட், 1899, மாட்டு அம்மைப்பால் தடுப்பூசி என்று எழுதி வந்திருக்கிறேன், அது இன்னொரு நாளைக்கு. தோட்டிகளைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். எடுப்புக் கக்கூஸுக்கு, அதாவது கையால் மலம் அள்ள வேண்டிய கக்கூஸுக்கு, பின்சந்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். விடிவதற்கு முன்னால் அதைத் திறந்து, தகர வாளியை இழுத்து, கொஞ்சம் சாம்பலைத் தூவிவிட்டுப் போவார் ஒரு அம்மா. குழாயும் வடிகாலும் காகிதத்தில் இருந்த காலத்தில் இந்த ஊரைச் சுமந்தது அவரைப் போன்றவர்களின் தலை. மாசம் பிறந்தால் பாட்டி திண்ணையில் காசை வைத்துவிட்டு நகர்ந்து நிற்பாள், அவர் எடுத்துக்கொள்வார். எனக்குப் பத்து வயதாகும்வரை வந்தார். பெயர் என்ன என்று எங்கள் வீட்டில் யாருமே கேட்டதில்லை, நானும்தான்.

விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.