காலி வயிறும் காலிமுகத்திடலும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இதுக்கு மேல வணக்கம் சொன்னா நடுவர் கை மணிக்குப் போயிடும்.

‘ஒரு நாட்டை உடைப்பது காலி வயிறா, இனப்பகையா?’ இனப்பகைதான்னு சொல்ல வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின வயிற்று அணித் தோழர் என்னைக் கைகாட்டிச் சொன்னாரு: “வயிறு நிறைஞ்சவன் எவனாவது கல்லெடுப்பானா? இவருக்கு மத்தியானச் சாப்பாடு பலம், அதான் பசியோட அருமை தெரியல.” ஆமாய்யா, சாப்பிட்டேன். உங்க பக்கத்துலதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூணாவது தடவை இலையைக் காட்டினது யாருன்னு பரிமாறினவங்களைக் கேளுங்க!

அப்புறம், ஐரோப்பாவுல பல இனம் சேர்ந்து இருந்த யூகோஸ்லாவியா பணம் செல்லாமப் போய்த்தான் உடைஞ்சுதுன்னு, அதோட 50,000 கோடி தினார் நோட்டைப் பத்திச் சொன்னாரு. கைதட்டினீங்க. ஆனா கதையைப் பாதியில விட்டுட்டாரே! அஞ்சு போட்டுப் பதினொரு சைபர். அதுல யார் முகம் தெரியுமா? சிமாய்ங்கிற கவிஞர், குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினவர். நம்ம ஊர்ல கவிஞனுக்குப் பொன்னாடையே போன கூட்டத்துல போட்டதுதான். அங்கே 50,000 கோடி! 1993 டிசம்பர்ல நோட்டு வந்துச்சு. 1994 புத்தாண்டு அன்னிக்கு ஒன்பது சைபரை வெட்டினாங்க. 50,000 கோடிக் கவிஞர் விடிஞ்சதும் 500 தினார்க் கவிஞர். பாவம் மனுஷன், சரி போகட்டும்னா, அதே மாசம் 24-ஆம் தேதி ஒரு கோடிக்கும் மேல பழைய தினார் குடுத்தா ஒரு புது தினார்னாங்க. இப்ப கவிஞர் எவ்வளவு? பின்வரிசை ஐயா விரல்விட்டு எண்றாரு. விட்டுடுங்கய்யா, விரல் இருக்கு, எண்ணத்தான் ஒண்ணும் மிச்சமில்ல! அந்த ஒரே மாசத்துல விலையேற்றம் 31 கோடி சதவீதம்.

தோழரே, நோட்டைப் பார்த்தீங்க, நோட்டுல இருந்த வருஷத்தைப் பார்த்தீங்களா? 1993. நாடு உடைய ஆரம்பிச்சது 1991. நோட்டு அடிச்சது உடைஞ்சு மிச்சமிருந்த யூகோஸ்லாவியா. போருக்குச் செலவு பண்ண அச்சடிச்ச சைபருங்க அது. பகை முன்னால போச்சு, பஞ்சம் பின்னால வந்துச்சு. 1989-லயே விலைவாசி எகிறினது உண்மை, மறுக்கல. ஆனா 1990-ல பிரதமர் மார்கோவிச் தினாரோட மதிப்பை அப்போ ஜெர்மனிப் பணமா இருந்த மார்க்கோட கட்டிப்போட்டாரு, சில மாசத்துல விலை அடங்கிடுச்சு. விலை அடங்கின நாடு அடுத்த வருஷமே ஏன் உடைஞ்சுது? இதுக்கு வயிறு பதில் சொல்லட்டும்.

கிட்டக்க வருவோம். இலங்கை. 1977-ல சந்தையைத் திறந்துவிட்டாங்க, பொருளாதாரம் வளர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு. 1981-ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது. ஏறக்குறைய 97,000 புத்தகம், ஓலைச்சுவடி உட்பட. எந்தப் பசிக்குய்யா ஓலைச்சுவடி? 1983 ஜூலையில கொழும்புல தமிழர் வீட்டைத் தேடித் தாக்க வந்தவங்க சிலர் கையில என்ன இருந்துச்சு? வாக்காளர் பட்டியல். பசிச்சவன் பாத்திரம் எடுத்துக்கிட்டு வருவான். பட்டியல் எடுத்துக்கிட்டு வருவானா?

இப்ப நிஜமாவே வயிறு காய்ஞ்ச வருஷம், 2022. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலன்னு அரசாங்கமே கைவிரிச்சது. பெட்ரோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, வரிசையில நின்னே செத்தவங்க உண்டு. தோழர் கணக்குப்படி இனம் பார்த்து வெட்டிக்கிட்டிருக்கணும். ஆனா சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும் அரசாங்கத்தை எதிர்த்துச் சேர்ந்து உட்கார்ந்தது எங்கே? கொழும்புக் கடற்கரையில இருக்கிற காலிமுகத்திடல்ல.

அங்கே மே 18 அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? போரோட கடைசியில முள்ளிவாய்க்கால்ல செத்த தமிழர்களுக்கான நினைவு நாள். 2009-ல குண்டுக்கு நடுவுல, குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு அம்மாக்கள் வாங்கிப் போன கஞ்சி இருக்கே, அரிசி கொஞ்சம், தண்ணி நிறைய, உப்பு. பதிமூணு வருஷம் கழிச்சு அந்தக் கஞ்சியைக் கொழும்புக் கடற்கரையில காய்ச்சிக் குடுத்தாங்க. எந்தச் சாவைப் பத்திப் பேசவே அந்த ஊர்ல பயந்தாங்களோ, அந்தச் சாவுக்காக அங்கே விளக்கு எரிஞ்சுது.

தோழரே, காலி வயிறு கல்லெடுக்கும்னீங்க. அன்னிக்குக் காலிமுகத்திடல்ல இருந்ததெல்லாம் காலி வயிறுதான்யா. அதுங்க கையில கஞ்சிதான் இருந்துச்சு.

மணியை அடிச்சுடுங்க நடுவரே. இன்னும் ரெண்டு குறிப்பு எழுதி வெச்சிருந்தேன். இதுக்கு மேல எனக்குப் பேச வரல.