கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் இழுக்குதா? லேபிளை நம்பாதீங்க, நம்பரைப் பாருங்க

வணக்கம் மக்களே. டெஸ்க்டாப் வந்துருச்சு, ஐகான் எல்லாம் தெரியுது, ஆனா குரோமை டபுள் கிளிக் பண்ணா நீல வட்டம்தான் சுத்துது. இந்தக் கேஸைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

பாஸ்வேர்டு போட்ட உடனே பத்துப் பதினஞ்சு புரோகிராம் தானா எழுந்திருக்குது. பழைய ஹார்ட் டிஸ்க்னா உள்ள தகவலைப் படிக்கிற கை ஒவ்வொண்ணுக்காகவும் அங்கயும் இங்கயும் ஓடணும். அதான் இழுக்குது. எஸ்எஸ்டி (ஓடுற பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) போட்டிருந்தா இந்தத் தொல்லை கம்மி. ஆனா ராம் 4 ஜிபிதான்னா, அதுலயும் இதுங்க இடத்தைப் பிடிச்சுக்கும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 11-ல இடது பக்கம் ஸ்பீடோமீட்டர் மாதிரி ஒரு ஐகான் இருக்கு பாருங்க, அதான் ஸ்டார்ட்அப் ஆப்ஸ். விண்டோஸ் 10-ல மேல ஸ்டார்ட்அப்னு டேப். சின்ன பெட்டியா வந்தா கீழ 'மோர் டீடெய்ல்ஸ்' கொடுங்க.

இப்ப லிஸ்ட்டுல ஸ்டார்ட்அப் இம்பாக்ட்னு ஒரு காலம் (மேலிருந்து கீழ வர்ற பத்தி, column) இருக்கும். ஹைனு போட்டிருந்தா எல்லாரும் பயந்துடறாங்க. டிஸ்க்ல 3 எம்பிக்கு மேல படிச்சு எழுதினாலோ, சிபியூவை 1 செகண்டுக்கு மேல எடுத்துக்கிட்டாலோ ஹைதான். 4 எம்பி எடுக்கறதும் ஹை, 150 எம்பி எடுக்கறதும் ஹை! அதனால காலம் தலைப்பு மேல ரைட் கிளிக் பண்ணி 'டிஸ்க் ஐ/ஓ அட் ஸ்டார்ட்அப்', 'சிபியூ அட் ஸ்டார்ட்அப்' ரெண்டையும் டிக் பண்ணுங்க. நம்பர் வந்துருச்சா? டிஸ்க் காலத்தைக் கிளிக் பண்ணா பெருசு மேல வந்து உக்காரும். அங்கிருந்து ஆரம்பிங்க.

டீம்ஸ், ஸ்பாட்டிஃபை, ஸ்டீம், டொரண்ட், ஏதாவது ஒரு அப்டேட்டர்னு இருந்தா ரைட் கிளிக், டிசேபிள். புரோகிராம் அழியாது, நீங்க திறந்தா திறக்கும். ஃபைலை இணையத்துல சேமிக்கிற ஒன்டிரைவை நிறுத்தினா மட்டும் ஒண்ணு கவனிங்க: அதைக் கையால திறக்கற வரைக்கும் ஃபைல் இணையத்துக்கு ஏறாது.

தொடக்கூடாததும் இருக்கு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை மாதிரி தமிழ் டைப்பிங் மென்பொருளை நிறுத்திட்டு, மறுநாள் 'தமிழ் வரலை'னு ஃபாண்ட்டைத் தேடிக்கிட்டு இருக்காதீங்க. டச்பேட், ஆடியோ புரோகிராமை விட்டுடுங்க. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சிருந்தா அதோட மென்பொருளையும் விட்டுடுங்க. விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான்னு ஒண்ணு வரும். அது வெறும் ஐகான்தான். நிறுத்தினா ஆன்டிவைரஸ் நிக்காது, பெருசா மிச்சமும் ஆகாது.

வெறுமனே 'புரோகிராம்'னு பேர் போட்டு, ஐகான் இல்லாம ஒரு வரி இருந்தா வைரஸ்னு பதற வேண்டாம். பெரும்பாலும் அன்இன்ஸ்டால் பண்ணின ஏதோ ஒண்ணோட மிச்சம். அதே தலைப்பு மெனுவுல கமாண்ட் லைன் காலத்தைப் போட்டா எந்த ஃபோல்டரைக் காட்டுதுன்னு தெரியும்.

சிலது அப்டேட் ஆனதும் மறுபடி லிஸ்ட்டுல வந்து உக்காந்துக்கும். அப்ப அந்த ஆப்போட செட்டிங்ஸ்ல போயே ஆஃப் பண்ணணும். எட்ஜ் பிரவுசர்ல 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்'னு தனியா ஒரு சுவிட்ச் இருக்கு, அதையும் பாத்துடுங்க.

எம்எஸ்கான்ஃபிக்னு விண்டோஸோட செட்டிங்ஸ் டூலைத் திறந்து, பின்னணியில ஓடுற சர்வீஸ் எல்லாத்தையும் டிசேபிள் பண்ணச் சொல்ற வீடியோ நிறைய சுத்துது. 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் பண்ணாம அதைச் செஞ்சா பின் நம்பர் போட்டு உள்ள வரவே முடியாமப் போகலாம். வேண்டாம்.

ஒரே நேரத்துல மூணு நாலுதான் நிறுத்துங்க. அப்புறம் ரீஸ்டார்ட். எவ்வளவு குறைஞ்சுதுன்னு பாக்க, நிறுத்துறதுக்கு முன்னாடியே ஒரு தடவை நேரத்தை அளந்து வச்சுக்கோங்க, அதுவும் ரீஸ்டார்ட்ல எடுத்ததா இருக்கணும். ஏன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா, ஷட்டவுன் பண்ணும்போது விண்டோஸ் தன்னோட ஒரு பகுதியை டிஸ்க்ல சேமிச்சு வச்சுக்கும், ஆன் பண்ணா சீக்கிரம் வரும். ரீஸ்டார்ட்ல அது கிடையாது. ஸ்டார்ட்அப் பக்கத்துல மேல வலது மூலையில தெரியுற 'லாஸ்ட் பயாஸ் டைம்' குறையலையேன்னு கேக்காதீங்க. அது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி மதர்போர்டு எடுக்கிற நேரம். நேரத்தை அளக்க, டாஸ்க் மேனேஜரோட பெர்ஃபாமன்ஸ் பக்கத்துல டிஸ்க்கைத் திறந்து வச்சு, 100 சதவீதத்துல இருந்து ஒத்தை இலக்கத்துக்கு இறங்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு மொபைல்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாருங்க. எதுவும் ஓடாதப்பவும் அது 100-லயே நிக்குதுன்னா, பிரச்சினை இந்த லிஸ்ட்டுல இல்லாம டிஸ்க்குலயே இருக்கலாம்.