மலைப்பாதைக்கு மஞ்சள் ஃபாக் லைட்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் கார் வயரிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். மழைக்காலம் வந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கினால் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, மஞ்சள் லைட் போட்டா பனியைக் கிழிச்சுக்கிட்டுப் போகுமாமே?"

கிழிக்காது. நீல ஒளி அதிகம் சிதறும், மஞ்சளும் சிவப்பும் குறைவாகச் சிதறும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது காற்றின் மூலக்கூறுகளுக்குப் பொருந்தும். பனிமூட்டத்தில் இருப்பவை நீர்த்துளிகள். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒளியின் அலைநீளத்தைவிட அவை பல மடங்கு பெரியவை. அந்த அளவுள்ள துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவதே அதனால்தான்.

அப்படியானால் மஞ்சள் எதற்கு? நம் கண்ணுக்காக. வெள்ளை ஒளியில் இருக்கும் நீலம்தான் கண்ணை அதிகம் கூசவைக்கிறது. மஞ்சள் விளக்கில் அது வடிகட்டப்பட்டுவிடும். பனியில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. பிரான்சில் 1936இல் கார் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஐரோப்பாவின் பொது விதிக்கு ஒத்துப்போக, 1993இல்தான் புதிய வண்டிகளில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் வடிகட்டும்போது கொஞ்சம் வெளிச்சமும் குறையுமே, கூச்சம் குறைந்தது நிறத்தாலா, வெளிச்சம் குறைந்ததாலா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். நான் மஞ்சள் பக்கம்தான். நீண்ட நேரம் ஓட்டினால் கண் சோர்வு குறைவாக இருக்கிறது.

நிறத்தைவிட முக்கியமானது ஒளி விழும் விதம். பனிமூட்டத்துக்கென்றே உள்ள ஃபாக் லைட்டைப் பம்பரில் தாழ்வாக வைப்பது அழகுக்காக இல்லை. அதன் ஒளி அகலமாகப் பரவ வேண்டும், மேல்பக்கம் மட்டும் கத்தரித்ததுபோல் நின்றுவிட வேண்டும். அப்போது நம் பார்வைக்கு நேராக உள்ள பனியில் வெளிச்சம் படாது. சாலை ஓரமும் வெள்ளைக் கோடும் தெரியும். பனியில் பிரைட் போடக்கூடாது என்பதும் இதனால்தான். ஜீப்பின் கூரைமேல் வரிசையாக விளக்கு மாட்டிக்கொண்டு வருகிறார்களே, அதைப் பனியில் போட்டால் எதிரே வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியதுபோல்தான் இருக்கும்.

கடையில் ஏமாறுவது எங்கே என்றால், பல்பு மாற்றும்போது. உங்கள் வண்டியில் எச்11 வகை ஹாலஜன் பல்பு இருக்கிறது என்று வையுங்கள். விளக்குக்குள் ஒளியைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர், அந்த பல்பின் இழை எந்த இடத்தில் எரிகிறது என்று கணக்குப் பார்த்துச் செய்தது. அதே ஹோல்டரில் எல்இடி பல்பைச் செருகினால் பொருந்தும், எரியும், பளிச்சென்றும் இருக்கும். ஆனால் ஒளி புறப்படும் இடம் மாறிவிடுவதால் அந்த மேல்விளிம்பு கலைந்துபோகும். எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். எல்இடிதான் வேண்டும் என்றால் ஃபாக் லைட்டுக்காகவே செய்த முழு விளக்காக வாங்குங்கள். பெட்டியில் ஒளியின் நிறத்தைக் காட்டும் கெல்வின் அளவு 3000கே என்று போட்டிருந்தால் மஞ்சள், 6000கே என்றால் நீலம் கலந்த வெள்ளை. கம்பெனியே கொடுத்த ஃபாக் லைட் இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். அதே வாட்ஸில் மஞ்சள் ஹாலஜன் பல்பு போட்டாலே போதும். நம் நாட்டு விதிப்படி முன்பக்க ஃபாக் லைட் வெள்ளையாகவும் இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம்.

புதிதாக மாட்டினால் வயரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். 55 வாட்ஸ் விளக்கு இரண்டு எரிந்தால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஸ்விட்சுக்குப் பதில் அந்தக் கரண்ட்டைத் தாங்கிக்கொள்ளும் ரிலேயும் தனி ஃபியூஸும் இல்லாமல் நேராக ஸ்விட்சில் கொடுத்தால் ஸ்விட்ச் சூடாகி உருகும்.

மாட்டி முடித்ததும் வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 4 அங்குலம் கீழே விழ வேண்டும். மேலே ஏறினால் விளக்கிலுள்ள திருகைத் திருப்பி இறக்குங்கள். பின்சீட்டில் ஆளும் டிக்கியில் சாமானும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், பனியில் ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிடுகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் அவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று பின்னால் வருகிற எங்களுக்கு எப்படித் தெரியும்? டிம்மும் ஃபாக் லைட்டும் போதும். மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியாறு தாண்டி, பனி விலகிச் சாலை தெளிவாகத் தெரிந்ததும் ஃபாக் லைட்டையும் அணைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.