மலையில்லாத ஊரில் ஒரு கோட்டை

வணக்கம் நேயர்களே. கடலோரக் கோட்டை என்றதும் திருகோணமலைதான் பலருக்கு நினைவில் வரும். கோணேசர் கோயில் நின்ற குன்றைப் பிடித்து, கோயிலை இடித்து, 1620களில் போர்த்துக்கேயர் எழுப்பியது அது. குன்றைச் சுற்றி மூன்று பக்கமும் கடல் என்பதால் நிலப்பக்கத்தை மட்டும் மறித்தால் போதும்.

மட்டக்களப்பில் ஏது குன்று? திருகோணமலைக் கோட்டையைக் கட்டிய அதே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டீ சா 1628இல் இங்கு கோட்டை கட்ட வந்தபோது, வாவிக்குள் கிடந்த புளியந்தீவைத்தான் தெரிவு செய்தார். கெட்டித்தனமான தெரிவு. முகத்துவாரத்தில் மணல் மேவும், வாவியும் ஆழமில்லை. ஆழ்கடல் கப்பல் உள்ளே வரமுடியாது. ஒல்லாந்தரான, அதாவது டச்சுக்காரரான ஸ்பில்பேர்கன் 1602இல் இந்தக் கரையில் இறங்கித்தான் கண்டிக்குப் போனார். கண்டிக்குப் போகும் அந்த வாசலை அடைப்பதே கோட்டையின் நோக்கம்.

கோட்டை நாற்சதுரமானது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம். கொத்தளம் மதிலைவிட வெளியே துருத்தி நிற்பதற்குக் காரணம் உண்டு. மதிலடியில் ஒட்டி நிற்கும் எதிரியை மேலிருந்து நேராகச் சுட முடியாது. பக்கத்து மூலையிலிருந்து மதிலின் நீளத்துக்கே சுட்டால் தப்ப இடமிருக்காது.

ஆனால் தண்ணீர் கப்பலைத் தடுக்குமே தவிர பீரங்கியைத் தடுக்காது. ஒல்லாந்தர் பீரங்கிகளைக் கரையிறக்கிச் சுட, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்துகொள்ள, 1638 மே 18இல் கோட்டை விழுந்தது. அதே மாதம் அந்த அரசனும் ஒல்லாந்தரும் ஒப்பந்தம் செய்ததும் இந்த ஊரில்தான். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பிறகு கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், நெடுங்காலம் இதற்குள்ளேயே நடந்தது. கோட்டை பிழைத்துக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

இனிப் பராமரிப்பு. பழைய மதில்களுக்குச் சீமெந்து பூசுவதுதான் நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. வாவியோர நிலத்தின் உப்புநீர் மதிலுக்குள் ஏறும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விடும், சீமெந்து விடாது. காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லின் முகத்தைப் பொரிய வைக்கும். இரண்டு மூன்று மாரி போனால் பூச்சு கல்லின் தோலையும் சேர்த்துக்கொண்டு விழும்.

சரியான முறை: நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. சுவரை முதலில் நனைத்து, ஒரு பூச்சுக்குப் பத்து மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பூச வேண்டும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது மெல்லக் காயவிட வேண்டும். வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும்.

மதிலில் அரசங்கன்று கண்டால் விரற்கடை உயரத்திலேயே பிடுங்கிவிடுங்கள். வேர் தடித்தபின் இழுத்தால் கல்லும் கூடவே வரும். அப்போது அடியில் வெட்டி, வேரைச் சாகவிட்டு, பிறகு இடைவெளியைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.