சுய இன்பம்: வேதங்கள் சொன்னதும் விளம்பரங்கள் சொன்னதும்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பங்குத்தந்தை அவர்களே, மாலைத் தொழுகையை முடித்த கையோடு வந்து சேர்ந்திருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, ஆதீனத்தின் சார்பில் எழுந்தருளியிருக்கும் புலவர் ஐயா அவர்களே, அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் அம்மா அவர்களே, இப்படியொரு தலைப்பைத் துணிந்து கொடுத்த வாசகர் வட்டத் தோழர்களே, பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு நன்றி. இந்தத் தலைப்புக்கு மண்டபம் கிடைப்பதே பெரும்பாடு. தலைப்பைக் கேட்டும் முகம் சுளிக்காமல் திறவுகோலைக் கொடுத்த மண்டப நிர்வாகிகளுக்கும், மூன்று சமயத்துப் பெரியவர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்த செயலாளருக்கும் என் வணக்கம். பெரியவர்கள் இங்கே இருப்பதே தம்பிகளுக்குப் பாதி ஆறுதல்.

நான்கு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். சமயங்கள் என்ன சொல்கின்றன, அது யாருக்குச் சொன்னது, பயம் எங்கிருந்து வந்தது, பெண்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை. நான்குக்கும் சேர்த்து ஒரு பழமொழி போதும்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சுய இன்பம் பாவம் என்பதற்கு எல்லோரும் காட்டும் முதல் சான்று ஓனான் கதை. ஆதியாகமம் 38ஆம் அதிகாரம். யூதாவின் மூத்த மகன் ஏர் பிள்ளையில்லாமல் இறந்துபோகிறான். அண்ணன் மனைவி தாமாருக்குப் பிள்ளை கொடுத்து அண்ணன் வம்சத்தை நிலைநிறுத்துவது தம்பி ஓனானின் கடமை. பிறக்கும் பிள்ளை தன் கணக்கில் வராது என்று தெரிந்ததும், அவளோடு சேரும்போதெல்லாம் விந்தைத் தரையில் விட்டுவிடுகிறான். அதற்காகக் கடவுள் அவனைத் தண்டித்தார் என்கிறது கதை. இதில் ஓனான் தனியாக இருக்கவே இல்லை, கவனியுங்கள்! அவன் செய்தது ஒரு விதவைக்குச் செய்த துரோகம். லேவியராகமம் 15ஆம் அதிகாரமோ, விந்து வெளியானவன் உடல் முழுதும் குளிக்க வேண்டும், மாலை வரை தீட்டு என்று சொல்லி முடித்துவிடுகிறது. கணவன் மனைவி சேர்ந்தாலும் அதே குளியல்தான், அதே தீட்டுத்தான். பலி கிடையாது.

கடுமை பிறகு வந்தது. யூதர்களின் சமயச் சட்டத் தொகுப்பான தால்முதில் நித்தா பகுதி, விந்தை வீணாக்குகிறவன் மரணத்துக்கு உரியவன் என்று ரபி யோகனான் சொன்னதாகப் பதிவு செய்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலையைப் பங்குத்தந்தை முன்னிலையில் சரியாகச் சொல்ல வேண்டும். மறைக்கல்வி நூலின் 2352ஆம் எண், இது இயல்பிலேயே பெரும் ஒழுங்கீனம் என்கிறது. அதில் மழுப்பல் இல்லை. ஆனால் அதே எண்ணின் அடுத்த பத்தியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. மன முதிர்ச்சியின்மை, பழக்கத்தின் பிடி, மனப்பதற்றம் முதலிய காரணங்களால் ஒருவரின் பொறுப்பு குறையலாம், மிகச் சிறிதாகவும் ஆகலாம், அதைக் கணக்கில் எடுத்துத்தான் தீர்ப்பிட வேண்டும் என்கிறது அந்தப் பத்தி. சாவான பாவம், அதாவது மிகப் பெரும் பாவம், என்று சொல்ல மூன்று வேண்டும்: கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சாவான பாவம் ஆகாது. பாதித் தூக்கத்தில் நடந்ததற்காக மாதக்கணக்கில் நற்கருணை வாங்காமல் ஒதுங்கி நிற்கும் பையனுக்கு, வீட்டில் யாராவது இதைச் சொல்லியிருக்கிறோமா?

இஸ்லாத்தில், குர்ஆனின் அல்முஃமினூன் அத்தியாயத்தின் 5 முதல் 7 வரையுள்ள வசனங்களை வைத்து இமாம் ஷாஃபி இதை ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்றார். மாலிக்கி மத்ஹப் என்னும் சட்டப் பள்ளியும் அப்படியே. இன்னொரு சட்டப் பள்ளியான ஹனஃபியின் அறிஞர்களில் பலர், இச்சைக்காகச் செய்தால் கூடாது, விபச்சாரத்தில் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் செய்தால் தண்டனை இராது என நம்பலாம் என்றார்கள். அறிஞர் இப்னு ஹஸ்ம் ஹராம் என்று சொல்லவில்லை, மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது, என்றார். ஆக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் நிதானமாக விவாதித்த விஷயம் இது. நடைமுறையும் தெளிவு: விந்து வெளியானால் குளிப்பு கடமை. ஆசை எழும்போது கசியும் மெல்லிய நீருக்குக் கழுவிவிட்டு, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளு செய்தால் போதும், குளிக்க வேண்டியதில்லை. நோன்போடு வேண்டுமென்றே செய்தால் நோன்பு முறியும், அந்த நாளைக் களா செய்ய, அதாவது பிறகு ஈடாக நோற்க, வேண்டும். தூக்கத்தில் தானாக வெளியானால் நோன்பு முறியாது. இந்த வேறுபாடு தெரியாமல், கனவு கண்ட குற்றத்துக்காக நோன்பையே விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புலவர் ஐயா அனுமதியோடு மனுஸ்மிருதிக்கு வருகிறேன். இரண்டாம் அத்தியாயம், 180ஆம் சுலோகம்: குருகுல மாணவன் தனியே படுக்க வேண்டும், ஆசையால் விந்தை விட்டால் அவன் விரதம் கெடும். அடுத்த சுலோகம்: தூக்கத்தில் தன்னையறியாமல் வெளியானால் குளித்து, சூரியனை வணங்கி, ஒரு மந்திரத்தை மூன்று முறை சொன்னால் போதும். இது யாருக்கு? படிக்கும் காலத்துப் பிரம்மச்சாரிக்கு. இரண்டு சுலோகம் முன்னால் போய்ப் பாருங்கள். அதே பிரம்மச்சாரி செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, கண்ணுக்கு மை தீட்டக்கூடாது, பாடக்கூடாது, ஆடக்கூடாது. குடை பிடித்ததற்காக நரம்பு தளர்ந்துவிடும் என்று இந்த ஊரில் யாராவது பயந்ததுண்டா?

பௌத்தத்தில் இன்னும் துல்லியம். துறவிகளின் ஒழுக்க விதிநூலான விநயத்தில், சங்காதிசேஷம் என்னும் கடுங்குற்ற விதிகளில் முதல் விதியே இதுதான். குற்றம் ஆக மூன்று கூட வேண்டும்: எண்ணம், முயற்சி, வெளியாதல். கனவுக்கு விலக்கு உண்டு. தவறிய பிக்கு சங்கத்திடம் சொல்லி ஆறு இரவு மானத்தம் என்னும் பரிகாரம் இருக்க வேண்டும். மறைத்திருந்தால், மறைத்த நாள்களுக்கு ஈடாக அதற்கு முன் பரிவாசம் என்னும் தண்டனைக் காலம். கடைசியில் இருபது பிக்குகள் கூடி அவரை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இவ்வளவும் துறவிக்கு. இல்லறத்தாரின் ஐந்து சீலங்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கடுமையாகச் சொன்ன சமயமும் குளி, ஓது, சொல்லி மன்னிப்புக் கேள், திரும்பி வா என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கன்னம் ஒட்டிப்போகும், குறி சுருங்கும், பிள்ளை பிறக்காது என்று நான் மேலே சொன்ன வசனங்களில் எங்கும் இல்லை. அப்படியானால் அந்தப் பேய் எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம், லண்டன் மாநகரம். ஒரு சிறு புத்தகம் வருகிறது. பெயர் 'ஓனானியா'. எழுதியவர் பெயர் இல்லை. பாவம் என்று தொடங்குகிறது, பாதிரியார் பிரசங்கம் போல. சில பக்கம் போனதும் குரல் மாறுகிறது. வளர்ச்சி நிற்கும், வலிப்பு வரும், மலடாவாய், செத்தும் போவாய்! படிக்கிற பையனுக்குக் கைகால் நடுங்குகிறது. பரிகாரம் உண்டா என்று பக்கத்தைப் புரட்டுகிறான். உண்டு! மனம் திருந்து, கூடவே மருந்தும் வாங்கு. பலம் தரும் தைலம் ஒரு பாட்டில் 10 ஷில்லிங். பிள்ளை வரம் தரும் தூள் ஒரு பை 12 ஷில்லிங். ஏழையின் பல நாள் கூலி அது. எங்கே கிடைக்கும்? புத்தகம் விற்கிற கடையிலேயே. வாங்கியவர்கள் கடிதம் எழுதுகிறார்கள்: ஐயா, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, காப்பாற்றுங்கள். அந்தக் கடிதங்களை அடுத்த பதிப்பில் சேர்க்கிறார். புத்தகம் தடிக்கிறது. தடித்த புத்தகத்தைப் படித்து இன்னும் பலர் பயப்படுகிறார்கள், இன்னும் கடிதம், இன்னும் தைலம். பதிப்புக்கு மேல் பதிப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இங்கே அரள வைத்தவனே வேப்பிலையும் விற்றான்!

1760இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் திசோ அதே சரக்குக்கு மருத்துவ அங்கி போட்டுவிட்டார். ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதைவிட மோசம் என்றார். நம் ஊரிலும் ஏழு தாதுக்களில் கடைசியாக, மிக அரிதாக விந்து உண்டாகிறது என்ற பழைய கருத்து இருந்தது. இந்தப் பயத்தாலேயே சோர்வு, தூக்கமின்மை, மனத்தளர்ச்சி வருவதைப் பார்த்து மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் அதற்குத் தாது நோய்க்குறி என்று பெயரே வைத்தார்.

கணக்கைச் சொல்கிறேன், தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை வெளியாவது 2 முதல் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். அதில் விந்தணு நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டாது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பை சுரக்கும் சர்க்கரை கலந்த நீர், மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியின் நீர். விந்தணு தினமும் உற்பத்தியாகிறது. வெளியேறாதது உடலிலேயே சிதைந்து கரைந்துவிடும். ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லாட்ஜ் அறையில் முகாம் போடும் போலி வைத்தியர் செய்கிற ஒரு வித்தை உண்டு. உங்கள் சிறுநீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, பார் தம்பி, வெள்ளையாகத் தாது போகிறது என்பார். அந்தக் கலங்கல் பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் வரும். அதில் கொஞ்சம் வினிகர் விட்டுக் கலக்குங்கள். பாஸ்பேட் என்றால் கண்ணெதிரே தெளிந்துவிடும். தெளியாவிட்டால், அல்லது எரிச்சல், காய்ச்சல் இருந்தால், அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். லாட்ஜுக்குப் போகாதீர்கள். மூலிகை என்று விற்கும் மாத்திரைகளில், விறைப்புக் குறைபாட்டுக்குத் தரும் சில்டெனாஃபில் என்ற மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. தரமில்லாத பஸ்பங்களில் உள்ள பாதரசமும் ஈயமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அளவு மீறுவது என்று ஒன்று உண்டா? உண்டு. படிப்பு, வேலை, உறவு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்தால் உதவி வேண்டும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஒழுக்க ரீதியான குற்றவுணர்வால் மட்டுமே வரும் வேதனையை வைத்து இதை நோய் என்று முடிவு கட்டக்கூடாது. பாவமா என்ற கேள்வியோடு உங்கள் குருவிடம் போங்கள், நோயா என்ற கேள்வியோடு மருத்துவரிடம் போங்கள். இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்து விற்கிறவனிடம் போகாதீர்கள். அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேய், விளக்கைப் போட்டுப் பாருங்கள் என்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

பெண்களைப் பற்றிய நான்காம் செய்திக்கு வருவதற்குள் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். அது தனிக் கூட்டத்துக்குரிய பொருள். மருத்துவர் அம்மா தலைமையில் அதை நடத்தித் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இனி நாம் செய்ய வேண்டிய வேலை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவம் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் இருக்கிறது. பாலுறவு இன்பத்துக்கான ஆற்றலைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை அதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை ஓராண்டு வரை. சுவரொட்டியைக் கண்டால் இடமும் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள். தொலைக்காட்சி என்றால் அலைவரிசை, நாள், மணி மூன்றையும் குறியுங்கள். மருந்து வாங்கி ஏமாந்திருந்தால் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். இவற்றை மனுவோடு இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து, மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வளரிளம் பருவக் கல்வியை மருத்துவர்களைக் கொண்டு நடத்த வேண்டும் என்பது நம் இரண்டாவது கோரிக்கை. மனம் உடைந்து போயிருக்கிறவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.

மனுத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பெரியவர்கள் மூவரும் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.