மனு வேற, சட்டத்த பத்தி எழுதற லெட்டர் வேற

(கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு கூட்டத்துல பேசுனது. பேசுன மாதிரியே டைப் பண்ணிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கரகரங்குது, பின்னாடி இருக்கற அக்காங்களுக்கு கேக்குதா? சரி.

மனு எழுதறதுல நம்ம மாவட்டம் சோடை போனதில்ல, திங்கக்கிழமையானா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல பாருங்க, பட்டா, பென்ஷன், தெரு பைப்புனு ஆளுக்கொரு பேப்பர். ஆனா சட்டத்த பத்தி எம்.எல்.ஏவுக்கோ எம்.பிக்கோ எழுதணும்னா அதே மனுவ கொஞ்சம் மாத்தி எழுதி அனுப்பிடறோம், அங்கதான் தப்பு. நான் ஒரு எம்.எல்.ஏ ஆபீஸ்ல கொஞ்ச காலம் தபால் பிரிச்சு அடுக்கற வேலை பாத்தவன். மூணு பக்கம் மனசு வெந்து எழுதிருப்பாங்க, கடைசி வரில "ஆவன செய்யவும்". யாரு, எத, எப்ப செய்யறது? அது அப்படியே கட்டுக்குள்ள போயிடும்.

மொதல்ல யார்கிட்ட அதிகாரம் இருக்குனு பாருங்க. அரசியலமைப்போட ஏழாவது அட்டவணைல மத்திய பட்டியல், மாநில பட்டியல், பொதுப்பட்டியல்னு மூணு இருக்கு. தேவனாம்பட்டினத்து மீனவ அண்ணன்மாருங்க வந்திருக்காங்க, சுருக்குமடி வலைய தடை பண்ணலாமா கூடாதாங்கற விவகாரம் அவங்களுக்கு தெரியாததா, 12 கடல் மைலுக்குள்ள மீன்பிடிப்பு மாநில பட்டியல், அதுக்கு வெளிய மத்திய பட்டியல். (நான் எந்த பக்கத்துக்கும் பேசல, அடிக்க வந்துடாதீங்க.) அப்போ 12 மைலுக்கு வெளிய உள்ள சட்டத்துக்கு எம்.எல்.ஏவுக்கு எழுதி பிரயோஜனம் கம்மி. எம்.பி யாருங்கறதுலயும் நம்ம மாவட்டத்துல குழப்பம் இருக்கு, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் எல்லாம் சிதம்பரம் எம்.பி தொகுதி, கடலூர் எம்.பி இல்ல. பாண்டில அந்த குழப்பம் கிடையாது, லோக்சபாவுக்கு ஒரே எம்.பிதான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வரேன். நிறைய பேரு "இந்த மசோதாவ எதிர்த்து ஓட்டு போடுங்க"னு எழுதறீங்க. நம்ம நாட்டுல அது நடக்கற காரியமா? 1985ல கட்சி தாவல் தடை சட்டம் வந்துச்சு, பத்தாவது அட்டவணை, கட்சி கொறடா உத்தரவு போட்டதுக்கு அப்புறம் மீறி ஓட்டு போட்டா பதவியே போயிடலாம். நீங்க எழுதுன ஒரு லெட்டருக்காக அவரு பதவிய விடுவாரா, விட மாட்டாரு, நானா இருந்தாலும் விட மாட்டேன். அதனால அவரு கையில என்ன இருக்கோ அத கேளுங்க. மந்திரிய நேர்ல பாத்து இந்த பிரிவ பத்தி பேசுங்கனு கேக்கலாம், மசோதாவ அலசிப் பாக்கற தெரிவுக் குழுவுக்கு (செலக்ட் கமிட்டி) அனுப்ப சொல்லி சபைல பேசுங்கனு கேக்கலாம், எம்.பியா இருந்தா கேள்வி போட சொல்லலாம். கேள்வி போடறதுக்கு எந்த கொறடாவும் குறுக்க வர மாட்டாரு, பதில் எழுத்துல வந்து பதிவாயிடும், அந்த பதில வெச்சு நாம அடுத்த லெட்டர் எழுதலாம். என்ன, லோக்சபா கேள்விக்கு 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், செஷன் ஆரம்பிச்சப்புறம் எழுதுனா சிரமம். கேள்விய நீங்களே ரெண்டு வரில எழுதி குடுத்துடுங்க, அவரோட பி.ஏ கும்பிடுவாரு.

எப்படி எழுதறதுனு நம்ம மண்ணுலேயே உதாரணம் இருக்கு. 2020 பிப்ரவரில, காவிரி டெல்டா விவசாய நெலத்துல எண்ணெய், எரிவாயு மாதிரி புது திட்டம் வரக்கூடாதுனு வேளாண் மண்டல பாதுகாப்பு சட்டம் நிறைவேறுச்சுல்ல, அதுல நம்ம மாவட்டத்துல அஞ்சு ஒன்றியம்தான் இருக்கு, காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை. விருத்தாசலத்துக்காரரு "விவசாயத்த காப்பாத்துங்க"னு எழுதுனா அது கோஷம். "சட்டத்தோட அட்டவணைல எங்க ஒன்றியத்தையும் சேக்கணும், அதுக்கு திருத்தம் கொண்டு வர சொல்லி பேசுங்க"னு எழுதுனா அது வேலை, படிக்கறவருக்கு எந்த பேப்பர எடுக்கணும்னு தெரியும். 2023 மார்ச் கடைசில சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி மூணு இடத்தையும் நிலக்கரி ஏலத்துல போட்டப்ப, முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதுன லெட்டரும் இந்த சட்டத்த காட்டித்தான் இருந்துச்சு, கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஏலத்துலேருந்து எடுங்க. சில நாள்லயே எடுத்துட்டாங்க. லெட்டர் மட்டுமே காரணம்னு சொல்லல, விவசாயிங்க எதிர்ப்பு, சட்டசபைல பேசுனது எல்லாம் சேந்துதான்.

நேரம்னு ஒண்ணு இருக்கு. மத்திய அரசு மசோதா வரைவ 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு 2014லயே கொள்கை போட்டாங்க, பல மசோதாவுக்கு அத மதிக்கறதே இல்ல, அது வேற கதை. சட்டசபைல இன்னும் வேகம். 12 மணி நேர வேலை மசோதா ஞாபகம் இருக்கா, 2023 ஏப்ரல் 21 நிறைவேறுச்சு, கூட்டணி கட்சிங்களே வெளிநடப்பு பண்ணாங்க, தொழிற்சங்கம் எல்லாம் எழுந்து நின்னப்புறம் மே 1 அன்னைக்கு வாபஸ்னு அறிவிச்சாங்க. நிறைவேறிட்டா முடிஞ்சுதுனு பேனாவ மூடிடாதீங்க.

பார்லிமென்ட் நிலைக்குழுவுக்கு (மசோதாவ பரிசீலிக்கற எம்.பிங்க குழு) மசோதா போச்சுனா மக்கள்கிட்ட கருத்து கேட்டு விளம்பரம் வரும், அத விட்டுடாதீங்க, ஆனா பெரும்பாலும் இங்கிலீஷ்லயோ இந்திலயோதான் கேப்பாங்க, இது அநியாயம்தான், அதுக்கும் தனியா ஒரு லெட்டர் போடலாம். இப்போதைக்கு காலேஜ் படிக்கற பொண்ணு பையன புடிச்சு மொழிபெயர்த்து அனுப்புங்க.

ஒரு தம்பி சீட்டுல எழுதி கேட்டிருக்காரு, ஆயிரம் பேரு ஒரே லெட்டர ஜெராக்ஸ் போட்டு அனுப்பலாமானு. அனுப்பலாம், எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு, ஆனா பிரிக்கறவன் ஒண்ண படிச்சுட்டு மீதிய எண்ணுவான், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் எண்ணுனேன். அதோட பத்து பேராவது கையால எழுதுங்க, அந்த பிரிவு உங்க படகையோ பட்டறையையோ எப்படி தொடுதுனு ஒரு பக்கத்துல சொல்லுங்க, ஊர், தொகுதி, போன் நம்பர் போடுங்க. தொகுதி இல்லாத லெட்டர நம்ம ஆளு இல்லனு தள்ளி வெச்சுடுவாங்க. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, மூணு வாரம் கழிச்சு பி.ஏவுக்கு போன் போட்டு தபால் தேதிய சொல்லி என்ன ஆச்சுனு கேளுங்க.